முரட்டு ஆட்டமா, வஞ்சக ஆட்டமா? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஃபவுல்களை எடைபோடும் முறை

1992 மார்ச் 28. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் டியூக் பல்கலைக்கழகமும் கென்டக்கி பல்கலைக்கழகமும் மோதிய ஆட்டம். டியூக் அணியின் நட்சத்திரம் கிறிஸ்டியன் லேட்னர், தரையில் விழுந்து கிடந்த எதிரணி விளையாட்டாளர் அமினு டிம்பர்லேக்கின் நெஞ்சின் மேல் காலை வைத்தார். பலம் கொண்டு மிதித்தார் என்று சொல்ல முடியாது. டிம்பர்லேக் கைதட்டியபடி எழுந்துவிட்டார். காயம் எதுவும் இல்லை. நடுவர்கள் டெக்னிக்கல் ஃபவுல் ஒன்றைக் கொடுத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். கூடுதல் நேரத்தில் 2.1 விநாடி மிச்சமிருந்தபோது வந்த நீண்ட பந்தைப் பிடித்து, அதே லேட்னர் கூடைக்குள் போட்டார். டியூக் 104-103 என வென்றது.

2007 மார்ச் 4. வட கரோலைனா மாநிலத்தின் சேப்பல் ஹில் நகரில் டியூக்கும் வட கரோலைனா பல்கலைக்கழகமும் மோதின. ஆட்டம் முடிய 14.5 விநாடி இருந்தது. வட கரோலைனாவின் வெற்றி உறுதியாகிவிட்ட நேரம். அந்த அணியின் டைலர் ஹேன்ஸ்பரோ கூடைக்கடியில் பந்தோடு எழும்பினார். தடுக்கக் குதித்த டியூக்கின் ஜெரால்ட் ஹெண்டர்சனின் கை அவர் முகத்தில் மோதியது. மூக்கு உடைந்து இரத்தம் கொட்டியது. ஹெண்டர்சன் உடனே வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆட்டத்திலும் அவருக்குத் தடை. தற்செயலாகப் பட்டது என்றது டியூக் தரப்பு.

இரண்டில் எது வஞ்சக ஆட்டம்? ஒன்றில் காயமே இல்லை. ஆனால் பந்துக்கும் அந்தச் செயலுக்கும் சம்பந்தமும் இல்லை. மற்றதில் மூக்கெலும்பு உடைந்தது. ஆனால் பந்தைத் தேடிப் போன கை என்ற வாதமும் இருக்கிறது. ‘அடி பலமா?’ என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் தீர்க்க முடியாது. முரட்டு ஆட்டத்தையும் வஞ்சக ஆட்டத்தையும் பிரித்துப் பார்க்க விதிப்புத்தகம் என்ன சொல்கிறது, நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள், பார்வையாளர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை இங்கே பார்ப்போம். விதி பற்றிச் சொல்வதெல்லாம் அமெரிக்க ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்துக்கு உரியது. நம் ஊர்ப் போட்டிகளின் விதி கடைசியில் தனியாக வருகிறது.

பிறந்தபோதே எழுந்த கேள்வி

கூடைப்பந்து பிறந்ததே முரட்டுத்தனத்தைக் குறைக்கத்தான். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்குக் கீழே ஆட ஒரு விளையாட்டு தேவைப்பட்டது. அங்கே ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் அதை உருவாக்கினார். கோல் தரையோடு நின்றால் ஆட்டக்காரர்கள் வேகத்தையும் பலத்தையும் காட்டி அடிப்பார்கள் என்று கருதிக் கூடையைத் தலைக்கு மேலே மாட்டினார். பந்தை ஏந்திக்கொண்டு ஓடினால்தானே பிடித்துத் தள்ளுவார்கள் என்று ஓடுவதற்கும் தடை போட்டார்.

அவர் எழுதிய 13 விதிகளில் ஐந்தாவது இன்றைய நம் கேள்விக்கு நேரடியான பதில் தருகிறது. தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, கால் தடுக்கிவிடுவது, அடிப்பது எதுவும் கூடாது. முதல் முறை செய்தால் ஃபவுல். இரண்டாம் முறை செய்தால், அடுத்த கோல் விழும்வரை வெளியே நிற்க வேண்டும். ஆனால் எதிராளியைக் காயப்படுத்தும் எண்ணம் வெளிப்படையாகத் தெரிந்தால், ஆட்டம் முழுவதும் வெளியேதான். அவருக்குப் பதிலாக வேறு ஆளும் இறங்கக்கூடாது. மாற்று ஆள் இல்லை என்றால் தண்டனை அணி முழுவதையும் சேரும். ஆக, ஆட்ட வேகத்தில் நடக்கும் தவறு வேறு, காயப்படுத்த நினைப்பது வேறு என்ற பிரிவு முதல் விதித்தாளிலேயே இருந்தது. ‘எண்ணம்’ என்று மட்டும் எழுதாமல், அது வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்று அவர் எழுதியதையும் கவனியுங்கள்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் பிறப்பும் இதோடு தொடர்புடையது. 1905-ல் அமெரிக்கக் காற்பந்து எனப்படும் அவர்களுடைய முரட்டு ஆட்டத்தில் உயிரிழப்புகள் பெரும் பிரச்சினையாயின. அதிபர் தியோடர் ரூசவெல்ட் கல்லூரிகளின் பொறுப்பாளர்களை அழைத்துப் பேசினார். அந்த நெருக்கடியின் விளைவாக 1906-ல் உருவான சங்கமே பின்னர் என்சிஏஏ என்று பெயர் மாறியது.

இன்றைய விதியின் மூன்று படிகள்

ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகள். ஒருவர் 5 ஃபவுல் செய்தால் ஆட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது உடல் மோதி நடக்கும் ஃபவுல்களை மூன்று படிகளாகப் பார்க்கலாம்.

முதல் படி சாதாரண ஃபவுல். பந்தைத் தட்டப் போய்க் கையில் அடிப்பது, நகர்ந்துகொண்டே வழிமறித்து இடிப்பது போன்றவை. இவை ஆட்டத்தின் ஒரு பகுதி. ஒருவர் நான்கு செய்துவிட்டுக்கூடத் தொடர்ந்து ஆடலாம்.

இரண்டாம் படி ‘ஃபிளேகிரண்ட் 1’. மோதல் அளவுக்கு மீறியிருக்க வேண்டும், அல்லது அந்தச் சூழலில் தேவையே இல்லாததாகவோ தவிர்த்திருக்கக்கூடியதாகவோ இருக்க வேண்டும். பந்தை விட்டுவிட்டு ஆளைப் பிடிப்பதும் தனியாகக் கூடைக்கு ஓடுபவரைப் பின்னாலிருந்து இழுப்பதும் இதில் சேரும். எதிரணிக்குப் பொதுவாக 2 ஃபிரீ த்ரோ, அதன் பிறகு பந்தும் அவர்களுக்கே. செய்தவர் ஆட்டத்தில் தொடரலாம்.

மூன்றாம் படி ‘ஃபிளேகிரண்ட் 2’. மோதல் மிகக் கடுமையாக, எல்லை கடந்ததாக இருந்தால் இது. ஃபிரீ த்ரோ, பந்து இரண்டும் எதிரணிக்குப் போவதோடு செய்தவரும் உடனே வெளியேற்றப்படுவார்.

இந்தப் பெயர்கள் 2011-12 பருவத்தில் வந்தவை. அதற்கு முன் இரண்டாம் படியை ‘வேண்டுமென்றே செய்த ஃபவுல்’ என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் எல்லாரையும் குழப்பியது. ‘வேண்டுமென்றே செய்தாரா, இல்லையா?’ என்று மனசைப் பற்றியே வாதம் நடந்தது. புதிய பெயரும் விளக்கமும் கவனத்தை மோதலின் தன்மைக்குத் திருப்பின. நடுவர் ஆட்டக்காரரின் மனசுக்குள் புகுந்து பார்க்க வேண்டியதில்லை. கண்ணெதிரே நடந்த மோதல் அளவோடு இருந்ததா, தேவைப்பட்டதா என்று பார்த்தால் போதும்.

இவை தவிர, பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்தில் நடக்கும் செயல்களுக்கும் ஒழுங்கீனமான நடத்தைக்கும் டெக்னிக்கல் ஃபவுல் உண்டு. லேட்னருக்குக் கிடைத்தது அதுதான்.

வலித்தாலும் தவறில்லாதவை

கூடைப்பந்தைப் புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கீழே விழுந்தவரைப் பார்த்ததும் எதிராளி தவறு செய்துவிட்டார் என்று தோன்றும். மோதல் கடுமையாக இருந்தாலும் அது தவறாகாமல் போகலாம் என்று விதியே சொல்கிறது.

‘ஸ்கிரீன்’ என்பது ஒரு உதாரணம். தன் அணியின் ஆள் தப்பி ஓட, இன்னொருவர் தூண்போல் அசையாமல் நின்று எதிராளியின் வழியை மறிப்பார். எதிராளி பார்க்காத பக்கத்தில் நின்றால், அவருக்கு ஓர் அடி எடுத்து வைக்க இடம் விட வேண்டும். அப்படி இடம் விட்டு அசையாமல் நின்றவர்மீது எதிராளி ஓடிவந்து மோதி விழுந்தால், நின்றவர்மேல் குற்றமில்லை. அதே ஆள் கடைசி நொடியில் இடுப்பையோ முழங்காலையோ நீட்டினால் அது ஃபவுல். வேண்டுமென்றே தோளைத் தூக்கி முகத்தில் கொடுத்தால் அது அடுத்த படிக்குப் போகும்.

‘சார்ஜ்’ இன்னொன்று. பாய்ந்து வருபவரின் பாதையில் முன்கூட்டியே போய் நின்று நெஞ்சில் மோதலை வாங்கிக்கொள்வது தற்காப்பு ஆட்டக்காரரின் உரிமை. ஆனால் குதித்தவர் காற்றில் இருக்கும்போது திடீரெனக் கீழே புகுந்தால் குதித்தவர் தலைகீழாக விழுவார். அதனால்தான் கூடைக்கு நேர்கீழே 4 அடி வளைகோடு போட்டு, அதற்குள் நிற்பவருக்குப் பொதுவாகச் சார்ஜ் கிடையாது என்றார்கள். 2023-24 பருவத்திலிருந்து விதி இன்னும் இறுகியது. எதிராளி எழும்புவதற்குக் காலை ஊன்றும்போதே தற்காப்பாளர் தன் இடத்தில் இருக்க வேண்டும்.

துள்ளி வரும் பந்துக்காக முதுகால் எதிராளியை அடைத்து நிற்பதும், உருண்டோடும் பந்தின் மேல் இருவர் பாய்ந்து தலையோடு தலை மோதிக்கொள்வதும் முரட்டு ஆட்டம்தான். அதில் வஞ்சகம் இல்லை. காற்பந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பந்தை எடுக்கச் சறுக்கி வரும் கால் வேறு, கணுக்காலைத் தேடி வரும் கால் வேறு என்பதை எந்தத் தோட்டத் திடலிலும் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

வேண்டுமென்றே செய்தாலும் வஞ்சகம் இல்லாதவை

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கிறது. நான்கு புள்ளி பின்தங்கிய அணி எதிராளியை ஓடிப்போய்ப் பிடிக்கிறது. மறுபடியும் பிடிக்கிறது. இது திட்டமிட்டே செய்யும் ஃபவுல். ஃபவுல் ஆனதும் கடிகாரம் நிற்கும். எதிராளி ஃபிரீ த்ரோவைத் தவறவிட்டால் பந்து கிடைக்கும். ஒரு பாதியில் ஏழாவது அணி ஃபவுலிலிருந்து, முதல் எறி விழுந்தால்தான் இரண்டாவது எறி. பத்தாவதிலிருந்து இரண்டு எறியும் உறுதி. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பயிற்றுநர்கள் ‘பிடி’ என்று கத்துகிறார்கள். பந்தை நோக்கிக் கை போகும்வரை இது சாதாரண ஃபவுல். பந்தைப் பார்க்காமல் சட்டையை இழுத்தாலோ ஆளைக் கட்டிப்பிடித்தாலோ ஃபிளேகிரண்ட் 1 ஆகலாம்.

‘இலேசான கூடையைக் கொடுக்காதே’ என்று பயிற்றுநர்கள் சொல்வதும் இப்படித்தான். எதிராளி கூடைக்கடியில் எழும்பும்போது, பந்தோடு சேர்த்து இரு கைகளையும் உறுதியாக அடித்துத் தடுப்பார்கள். அடி பலம்தான். ஆனாலும் நல்ல தற்காப்பாளர், தன்னால் சாய்ந்தவர் தரையில் விழாதபடி அவரைத் தாங்கிப் பிடிப்பதையும் அடிக்கடி பார்க்கலாம். இரண்டு புள்ளி கொடுக்க மனமில்லை, காயப்படுத்தவும் மனமில்லை என்பதன் அடையாளம் அது.

உடம்புக்கு ஆபத்தான நான்கு செயல்கள்

நடுவர்கள் தனிக் கண் வைத்துப் பார்க்கும் செயல்கள் சில உண்டு. செய்பவருக்குச் சின்ன அசைவுதான். வாங்குபவருக்கு ஒரு பருவமே போய்விடலாம்.

முழங்கை: பந்தைப் பிடித்தவர் சுற்றி நிற்பவர்களை விலக்க முழங்கையைச் சுழற்றுவார். தோளுக்கு மேலே, முகத்தில் பட்டால் நடுவர்கள் காணொளியைப் பார்த்து எந்தப் படி என்று முடிவு செய்வார்கள்.

அடியில் புகுதல்: எறிந்துவிட்டு இறங்குபவரின் காலடியில் தன் பாதத்தைக் கொண்டுபோய் வைப்பது, அல்லது காற்றில் இருப்பவரின் இடுப்புக்குக் கீழே தள்ளுவது. காற்றில் இருப்பவரால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. கணுக்கால், முழங்கால், முதுகு, தலை எல்லாமே ஆபத்தில் இருக்கும்.

கை கோத்து இழுத்தல்: பந்துக்காக நெருக்கி நிற்கும்போது எதிராளியின் கையைத் தன் அக்குளில் மாட்டி, தானே கீழே விழுவது. பார்ப்பவருக்கு எதிராளிதான் தள்ளியதுபோல் இருக்கும். தோள் மூட்டு நழுவக்கூடிய ஆபத்து இதில் உண்டு. அடிபட்டவர்மீதே பழி விழும் தந்திரம் என்பதால் என்சிஏஏ அண்மை ஆண்டுகளில் இதை ஃபிளேகிரண்ட் பட்டியலில் வைத்துக் கண்டிக்கிறது.

கால் தடுக்குதல்: கூடைப்பந்தில் பந்துக்கும் காலுக்கும் வேலையில்லை. எனவே நீட்டிய காலுக்குப் ‘பந்தைத் தேடினேன்’ என்ற சாக்கு கிடையாது.

பெயர் கெடுவது எப்படி?

ஒரு ஃபவுல் அந்த ஆட்டத்தோடு முடிந்துவிடும். ‘வஞ்சக ஆட்டக்காரர்’ என்ற பெயர் முடியாது. டியூக் அணியின் கிரேசன் ஆலன் கதை இதைக் காட்டுகிறது. 2016 பிப்ரவரி 8-ல் லூயிவில் அணிக்கெதிராக ஒருவரைக் கால் தடுக்கிவிட்டார், ஃபிளேகிரண்ட் 1. அதே மாதம் 25-ல் ஃபுளோரிடா ஸ்டேட் அணிக்கெதிராக மறுபடியும். களத்தில் நடுவர்கள் அதைப் பிடிக்கவில்லை. பின்னர் அந்த லீக் நிர்வாகம் கண்டித்தது. அதே ஆண்டு டிசம்பர் 21-ல் ஈலோன் அணிக்கெதிராக மூன்றாம் முறை, டெக்னிக்கல் ஃபவுல். இந்த முறை பயிற்றுநர் மைக் சிஷெவ்ஸ்கி காலவரையின்றி இடைநீக்கம் செய்தார். தலைவர் பொறுப்பும் பறிபோனது. ஒரே ஆட்டத்தோடு அவர் திரும்பி வந்ததால், தண்டனை போதாது என்ற விமர்சனமும் எழுந்தது.

மூன்று சம்பவத்திலும் பெரிய காயம் யாருக்கும் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னது. மூன்றும் ஒரே செயல், ஒரே வகையில் நடந்தது என்பதுதான் பாரம். 2022 ஜனவரியில், தொழில்முறை ஆட்டத்தில், ஆலன் செய்த ஒரு கடும் ஃபவுலில் எதிராளி அலெக்ஸ் கரூசோவின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கல்லூரிக் காலக் கால்தடுக்கலைப் பலரும் அன்றே நினைவுபடுத்தினார்கள். அந்த ஃபவுல் எப்படிப்பட்டது என்று தனியாக யோசிக்கப் பலருக்குப் பொறுமை இல்லை. கெட்ட பெயருக்கு ஆட்டக்காரர் கொடுக்கும் விலை இது.

பயிற்றுநரே அனுப்பினால் கதை வேறு. 2005 பிப்ரவரி 22-ல் டெம்பிள் பல்கலைக்கழகமும் செயின்ட் ஜோசஃப்ஸும் ஆடின. எதிரணி விதிக்குப் புறம்பாக ஸ்கிரீன் போடுகிறது, நடுவர்கள் கண்டுகொள்ளவில்லை என்று டெம்பிள் பயிற்றுநர் ஜான் சேனி கோபம் கொண்டார். அதிகம் ஆடாத, உடல் பருத்த ஒருவரை இறக்கினார். அவர் 4 நிமிடத்தில் 5 ஃபவுல் செய்து வெளியேறினார். எதிரணியின் ஜான் பிரையண்ட் விழுந்து கை எலும்பு முறிந்தது. தன் கட்டளைதான் அது என்று சேனி மறைக்கவில்லை. முதலில் தானே ஓர் ஆட்டம் விலகினார். காயம் தெரிந்த பிறகு பல்கலைக்கழகம் எஞ்சிய வழக்கமான பருவ ஆட்டங்கள் முழுவதற்கும் தடையை நீட்டியது. அவர் சாதாரண ஆளில்லை. 2001-லேயே கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றவர். ஏழைப் பிள்ளைகள் பலருக்குக் கல்லூரிக் கதவைத் திறந்துவிட்டவர். அவர் நல்ல மனிதர் என்பதால் அந்த இரவின் கட்டளை நல்லதாகிவிடவில்லை. களத்தில் இறங்கிய மாணவர் குற்றவாளியாகத் தெரிந்தாலும், பெரிய பங்கு பெஞ்சில் இருந்தவருடையது.

எல்லாவற்றையும் மிஞ்சியது 1972 ஜனவரி 25-ல் மின்னசோட்டாவில் நடந்தது. ஒஹையோ ஸ்டேட் அணியின் லூக் விட்டி கடும் ஃபவுல் ஒன்றில் தரையில் விழுந்தார். மின்னசோட்டா விளையாட்டாளர் ஒருவர் தூக்கிவிடுவதுபோல் கை நீட்டினார். விட்டி அந்தக் கையைப் பிடித்து எழும்போது, முழங்காலால் அடிவயிற்றுக்குக் கீழே இடித்தார். மீண்டும் விழுந்தவரின் தலையை இன்னொருவர் மிதித்தார். அடிதடி மூண்டது, விட்டி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்த இருவரும் பருவம் முடியும்வரை நீக்கப்பட்டார்கள். முதல் ஃபவுலைப் பற்றி வாதாடலாம். நீட்டிய கையைப் பற்றி வாதாட எதுவுமில்லை. உதவிபோல் காட்டி அடிப்பதை எந்த விதிப்புத்தகமும் ஆட்டமென்று சொல்லாது. பல ஆண்டுகள் கழித்து விட்டியும் அவரை இடித்தவரும் சமாதானம் ஆனார்கள் என்பது மட்டுமே இதில் ஆறுதல்.

முதல் இரண்டு சம்பவங்களின் எடை

இந்த அளவுகோல்களோடு லேட்னரையும் ஹெண்டர்சனையும் மறுபடி பார்ப்போம்.

லேட்னர் செய்தது வஞ்சக வகைதான். எதிராளி விழுந்து கிடந்தார். அந்தக் காலுக்குப் பந்தில் வேலையில்லை. காயம் இல்லை என்பது தண்டனையின் அளவைக் குறைக்கலாம். செயலின் வகையை மாற்றாது. அன்று அவர் கூடையை நோக்கி எறிந்த 10 பந்தும் விழுந்தன, 10 ஃபிரீ த்ரோவும் விழுந்தன. மொத்தம் 31 புள்ளி. வெளியேற்றப்பட்டிருந்தால் கடைசி எறியே இல்லை என்று கென்டக்கி ரசிகர்கள் இன்றும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஹெண்டர்சன் விஷயம் கடினமானது. மோதல் மிகக் கடுமை, முகத்தில் பட்டது, ஆட்டம் முடிவாகிவிட்ட நேரம். அன்றைய நடுவர்கள் அதைச் சண்டைக்கு ஒப்பான செயலாக எடுத்துக்கொண்டதால்தான் அடுத்த ஆட்டத்துக்கும் தடை வந்தது. மோதலின் கடுமையை மட்டும் பார்த்தால் வெளியேற்றியது சரி. ஆனால் அதை வைத்து ‘காயப்படுத்தவே அடித்தார்’ என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. தண்டனை சரியாக இருக்கலாம். பட்டம் தவறாக இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கட்டத் தேவையில்லை.

நம் கண்ணே நம்மை ஏமாற்றும்

‘நான்தான் கண்ணால் பார்த்தேனே’ என்று சொல்வோம். 1951 நவம்பரில் டார்ட்மத், பிரின்ஸ்டன் கல்லூரிகள் அமெரிக்கக் காற்பந்தில் மோதின. பிரின்ஸ்டன் நட்சத்திரத்தின் மூக்கு உடைந்தது. டார்ட்மத் ஆட்டக்காரர் ஒருவரின் கால் முறிந்தது. பின்னர் ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் அதே படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டித் தவறுகளை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் மாணவர்கள் தங்கள் அணியில் கண்ட தவறுகளைப்போல் இரு மடங்குக்கு மேல் அதே அணியில் பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்டார்கள். 1954-ல் வெளிவந்த அந்த ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. படம் ஒன்றுதான், பார்த்தவர்கள்தான் வேறு.

இப்போது இன்னொரு சிக்கல். அங்கே இரவு 8 மணிக்கு நடக்கும் மார்ச் மாத ஆட்டம், இங்கே மறுநாள் காலை 8 மணி. வேலைக்குப் போகும் வழியில் கைப்பேசிக்கு வருவது முழு ஆட்டம் இல்லை. பத்து விநாடித் துண்டு, அதுவும் மெதுவாக ஓட்டிய காட்சி. மெதுவாக ஓட்டிக் காட்டினால் செய்தவர் திட்டமிட்டே செய்தார் என்று பார்ப்பவர்கள் கூடுதலாக நம்புகிறார்கள் என்பதை 2016-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. உண்மையில் கால் விநாடியில் நடந்ததை நான்கு விநாடிக்கு இழுத்தால், யோசிக்க நேரம் இருந்ததுபோல் தோன்றுவது இயல்பு. கை எங்கே பட்டது என்பதற்கு மெதுவான காட்சியைப் பாருங்கள். செய்தவருக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்பதற்கு இயல்பான வேகத்தில் பாருங்கள்.

நம் ஊர் ஆட்டங்களில்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அனைத்துலகக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிகளே அடிப்படை. அங்கே ஃபிளேகிரண்ட் 1, 2 என்ற பெயர்கள் இல்லை. பந்தை ஆட முயலாமல் செய்யும் மோதலும், பந்தை ஆட முயன்றாலும் அளவு மீறிய கடுமையும், எதிரணியின் வேகமான முன்னேற்றத்தைத் தேவையில்லாமல் தடுக்கும் மோதலும் ‘பண்பற்ற ஃபவுல்’ வகை. பொதுவாக 2 ஃபிரீ த்ரோ, பிறகு பந்தும் எதிரணிக்கு. ஒருவர் ஒரே ஆட்டத்தில் இப்படி இரண்டு செய்தால் வெளியேற வேண்டும். மிக மோசமானதற்கு நேரடி வெளியேற்றம். பெயர் மாறினாலும் அடிப்படை ஒன்றே: பந்தைத் தேடியதா, அளவோடு இருந்ததா?

இடைநிலைப்பள்ளியில் புறப்பாட நடவடிக்கையாகக் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இது முக்கியம். பிள்ளை கீழே விழுந்ததும் எதிரணிப் பிள்ளையை ‘ரவுடி’ என்று கத்துவதும், நம் பிள்ளை இடித்தால் ‘நல்லா போட்டே’ என்று தட்டிக்கொடுப்பதும் கட்டொழுங்குக்கு நல்லதல்ல. பதினைந்து வயதுப் பிள்ளை எதற்குக் கைதட்டு கிடைக்கிறது என்று பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது.

எடைபோட உதவும் கேள்விகள்

1. அந்த நேரத்தில் பந்து ஆட்டத்தில் இருந்ததா? நின்றபிறகு நடந்த மோதலுக்குச் சாக்கு குறைவு.

2. கையும் கண்ணும் பந்தைத் தேடினவா, ஆளைத் தேடினவா?

3. எதிராளி காற்றிலோ, முதுகைக் காட்டியோ, தரையிலோ இருந்தாரா? தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவரை அடிப்பது எப்போதும் கூடுதல் குற்றம்.

4. எங்கே பட்டது? கை, தோள் வேறு. முகம், கழுத்து, முழங்கால், அடிவயிறு வேறு.

5. தடுப்பதற்குத் தேவையான பலம்தானா, அதற்கு மேலா?

6. மோதிய பிறகு என்ன செய்தார்? தாங்கிப் பிடித்தாரா, மேலே நின்று முறைத்தாரா? இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். பயத்தில் உறைந்து நிற்பவர்களும் உண்டு.

7. முன்பும் இதையே செய்திருக்கிறாரா? யாராவது சொல்லி அனுப்பினார்களா?

முதல் ஐந்துக்கும் பதில் கிடைத்தால் அந்த ஃபவுலுக்குத் தண்டனை சொல்லிவிடலாம். ஒருவரை வஞ்சக ஆட்டக்காரர் என்று சொல்ல ஏழாவதுக்கும் பதில் வேண்டும். அது கிடைக்கும்வரை ஃபவுலைக் கண்டியுங்கள். ஆளின் பெயரை விட்டுவிடுங்கள். இருபது வயதில் ஒட்டிக்கொண்ட பெயர் லேசில் போகாது.